பிஎல்சி-யும் லேப்டாப்பும்: கேபிள் மாட்டிய பிறகு என்ன நடக்கிறது?

"கேபிளு மாட்டியாச்சுங்க. ஆனா ஒண்ணுமே வர மாட்டேங்குதுங்க."

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையிலிருந்து வந்த போன். பேசியவர் அங்கே மெயின்டெனன்ஸ் பார்க்கும் ஃபிட்டர். துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட்ஃப்ளோ மெஷினில் இராத்திரி ஷிப்டில் ஓடும் சில லாட்டுகளில் மட்டும் ஷேடு மாறி வருகிறது. சாயம் ஏறும் நேரத்தில் 60 டிகிரியில் நிற்க வேண்டிய சூடு நிற்கவில்லையோ என்று சந்தேகம். மெஷினை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பிஎல்சி மேல்தான் பழி. "பிஎல்சி போச்சு, மாத்திடலாம்" என்று மேலே பேச்சு கிளம்பிவிட்டது. மாற்றுவதற்கு முன் இரண்டு இராத்திரியாவது சூட்டைப் பதிவு செய்து பார்ப்போமே என்று லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

அவர் செய்ய நினைத்தது சரி. ஆனால் "பிஎல்சி-யை சிஸ்டத்தோடு கனெக்ட் பண்றது" என்று நாம் போகிற போக்கில் சொல்லும் அந்த ஒரு வரிக்குள் நாலைந்து தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் கேபிள் ஒன்று, அவ்வளவுதான். மற்றவை கண்ணுக்குத் தெரியாது. சிக்கலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

## பந்தியும் பிஎல்சி-யும்

பிஎல்சி (புரோகிராமபிள் லாஜிக் கண்ட்ரோலர்) என்பது இயந்திரத்தை ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சிறு கம்ப்யூட்டர். 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், பேனல் பேனலாக நிறைந்திருந்த ரிலேக்களுக்கு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளுக்கு, மாற்று வேண்டும் என்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் வயரிங்கைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது அவர்களுக்குத் தலைவலி. அதற்கு விடையாக 1969-இல் வந்தது மோடிகான் 084. அமெரிக்கப் பொறியாளர் டிக் மார்லியின் குழு உருவாக்கியது. அவர்களுடைய 84-ஆவது திட்டம் என்பதால் அந்தப் பெயர்.

அது வேலை செய்யும் விதத்தைக் கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரரிடம் பார்க்கலாம். அவர் எல்லா அடுப்பையும் ஒரு சுற்று பார்ப்பார். எது கொதிக்கிறது, எது அடிப்பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்வார். பிறகு முடிவெடுப்பார். பிறகு "தீயைக் குறை, உப்பைப் போடு" என்று ஆட்களுக்குச் சொல்வார். மறுபடி முதல் அடுப்பிலிருந்து சுற்று தொடங்கும். பிஎல்சி-யும் அப்படியே: சென்சார்களைப் படிக்கும், புரோகிராமைக் கணக்கிடும், வால்வுக்கும் மோட்டாருக்கும் உத்தரவு போடும். இந்த ஒரு சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். சில மில்லி நொடியில் முடிந்துவிடும், நிற்காமல் ஓடும்.

பந்தி நடக்கும்போது யாராவது வந்து "சாம்பார் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் சமையல்காரர் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுப் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அவராக வந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். பெரும்பாலான சிறிய பிஎல்சி-கள் தாமாக எதையும் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதில்லை. கேட்டால்தான் பதில். கேபிளை மாட்டிவிட்டு "வரும்" என்று காத்திருந்தால் விடியும் வரை எதுவும் வராது.

## ஒரே கேபிள், மூன்று வேலை

கம்ப்யூட்டரை எதற்காக மாட்டுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, புரோகிராமை மாற்றுவதற்கு. இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை உள்ளே எட்டிப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பதற்கு. மூன்று, அளவுகளை நேரத்தோடு குறித்துவைப்பதற்கு; இதுதான் டேட்டா லாகிங்.

முதல் இரண்டுக்கும் அந்தந்தக் கம்பெனியின் மென்பொருள்தான் வேண்டும். டெல்டா டிவிபி என்றால் டபிள்யூபிஎல்சாஃப்ட் அல்லது ஐஎஸ்பிசாஃப்ட், சீமென்ஸ் எஸ்7-1200 என்றால் டிஐஏ போர்ட்டல், மிட்சுபிஷி என்றால் ஜிஎக்ஸ் வொர்க்ஸ். மூன்றாவதற்குப் பெரும்பாலும் இவை எதுவுமே தேவையில்லை. லாகிங் செய்யப் பெரும்பாலும் புரோகிராமைத் தொட வேண்டியதே இல்லை என்பது தெரியாமல், கம்பெனி மென்பொருளின் லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. போனில் "டவுன்லோடு" என்றால் எங்கிருந்தோ நம்மிடம் வருவது. சீமென்ஸ், ராக்வெல் மென்பொருள்களில் டவுன்லோடு என்றால் கம்ப்யூட்டரிலிருந்து பிஎல்சி-க்குள் போவது. பிஎல்சி-யிலிருந்து எடுப்பதற்குத்தான் அப்லோடு. இதை அறியாத ஒருவர், இருக்கிற புரோகிராமை பத்திரமாக எடுத்து வைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு டவுன்லோடை அழுத்தினால், லேப்டாப்பில் திறந்திருக்கும் வெற்று ஃபைல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எச்சரிக்கைப் பெட்டி வரும்தான். எச்சரிக்கைப் பெட்டியை யார் படிக்கிறார்கள்? ஒரு ஆலையில் இது நடந்த இராத்திரி நான் அங்கே இருந்தேன். பழைய புரோகிராமின் நகல் யாரிடமும் இல்லை. இரண்டு நாள் மெஷின் நின்றது. மிட்சுபிஷி மென்பொருளில் "பிஎல்சி-யில் எழுது", "பிஎல்சி-யிலிருந்து படி" என்று நேராகவே இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

## பாதை: கம்பி வழியாக

ஆர்எஸ்-232 என்பது இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் கம்பி. நீளம் சுமார் 15 மீட்டருக்குள். டெல்டா டிவிபி-யின் முகப்பில் இருக்கும் 8 முள் வட்டச் சாக்கெட் இதுதான். இதைப் பார்த்து மிட்சுபிஷி எஃப்எக்ஸ்-இன் வட்டச் சாக்கெட்டும் அதேதான் என்று நினைத்துவிடக் கூடாது. உருவம் ஒன்று, உள்ளே ஓடுவது ஆர்எஸ்-422. கேபிள் வேறு.

ஆர்எஸ்-485 என்பது முறுக்கிய இரண்டு கம்பியில் பலர் சேர்ந்து பேசுவது. அடிப்படைக் கணக்கில் 32 கருவிகள் வரை, குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். ஒரு கம்பிக்கும் மற்றதற்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைத்தான் இது படிக்கிறது. மோட்டாரும் அதன் வேகத்தை மாற்றும் டிரைவும் எழுப்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் பெரிதாகக் கெடாது. ஆலைக்குள் இதற்கு இத்தனை மவுசு அதனால்தான். அதற்காக டிரைவின் பவர் கேபிளோடு சேர்த்து ஒரே டிரேயில் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை.

இரண்டு கம்பிக்கும் ஏ, பி என்று பெயர் போட்டிருப்பார்கள். ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனிக்கு பி. மாற்றி மாட்டினால் ஒன்றும் எரியாது, பேச்சு மட்டும் வராது. ஆகவே எதுவுமே வரவில்லையென்றால் முதலில் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

இப்போதைய லேப்டாப்பில் இந்தக் கம்பிகளை மாட்டும் சீரியல் போர்ட் கிடையாது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். விண்டோஸ் அதற்கு காம்3, காம்7 என்று ஒரு எண் கொடுக்கும். வேறு துளையில் செருகினால் எண் மாறலாம். ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்திருக்க முடியும். கம்பெனி மென்பொருள் பின்னணியில் திறந்திருந்தால் லாகிங் மென்பொருளுக்குக் கதவு திறக்காது. கன்வெர்ட்டர் வாங்கும்போது ஐசொலேஷன் உள்ளதாக, அதாவது இரு பக்கத்துக்கும் நடுவே மின் இணைப்பு இல்லாததாக, வாங்குங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லேப்டாப்பின் போர்ட்டை இழக்க வேண்டாம்.

நெட்வொர்க் கேபிள் மாட்டும் ஈதர்நெட் போர்ட் இருக்கும் பிஎல்சி என்றால் வேலை சுலபம். பிஎல்சி-யின் ஐபி முகவரி 192.168.1.5 என்றால் லேப்டாப்பையும் 192.168.1 குடும்பத்திலேயே வேறு எண்ணில் வைக்க வேண்டும். பிங், அதாவது அந்த முகவரியில் ஆள் இருக்கிறதா என்று லேப்டாப் தட்டிப் பார்ப்பது, போகிறது என்றால் பாதை சரி என்று மட்டுமே பொருள்.

## மொழி: உள்ளேன் ஐயா

நம் ஃபிட்டரின் கதைக்கு வருவோம். அவர் கம்பி சரியாகத்தான் போட்டிருந்தார். ஆர்எஸ்-485 போர்ட்டில் ஏற்கெனவே எச்எம்ஐ, அதாவது ஆபரேட்டர் பார்க்கும் தொடுதிரை, மாட்டியிருந்தது. அதே முனையில் இவரும் கன்வெர்ட்டரைச் சேர்த்து முடுக்கிவிட்டார். லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தொடுதிரையிலும் கம்யூனிகேஷன் எர்ரர். ஏன் என்று புரிய மோட்பஸ் தெரிய வேண்டும்.

மோட்பஸ் என்பது 1979-இல் அதே மோடிகான் நிறுவனம் வெளியிட்ட பேச்சு முறை. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதைப் போன்றது. "17!" என்று கூப்பிட்டதும் 17-ஆம் எண் பையன் மட்டும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பான். கூப்பிட்டது எல்லோர் காதிலும் விழும், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. இங்கே ஆசிரியர் மாஸ்டர். மாணவர்கள் ஸ்லேவ்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 247-க்குள் ஒரு எண். ஒரு வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் வருகை எடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. எச்எம்ஐ ஏற்கெனவே மாஸ்டர், லேப்டாப் இரண்டாவது மாஸ்டர். அவருடைய பிஎல்சி டெல்டா டிவிபி. அதில் ஆர்எஸ்-232 போர்ட் சும்மா இருந்தது. அதற்கு மாற்றச் சொன்னேன்.

அப்போதும் வரவில்லை. காரணம் பேச்சு வேகமும் ஒழுங்கும். சீரியல் பேச்சில் இரு பக்கமும் நாலு விஷயத்தில் ஒத்துப்போக வேண்டும்: வேகம், ஒரு எழுத்துக்கு எத்தனை பிட், பிழை பார்க்கும் பேரிட்டி, முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட். அதோடு மோட்பஸ் ஆர்டியு, மோட்பஸ் ஆஸ்கி என்று இரண்டு எழுத்து வடிவங்கள். பெரும்பாலான லாகிங் மென்பொருள் திறந்ததும் 9600, 8 பிட், ஆர்டியு என்று நிற்கும். டெல்டா டிவிபி தொழிற்சாலையிலிருந்து வரும்போது 9600, 7 பிட், ஈவன் பேரிட்டி, 1 ஸ்டாப் பிட், ஆஸ்கி. இதை மாற்றியதும் முதல் பதில் வந்தது. போனில் அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும்.

கம்பெனிக்கு ஒரு மொழி இருக்கும் ஆலைகளில் ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள் எழுதுவது நடவாத காரியம். அதற்குத்தான் ஓபிசி. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் துபாஷிகள் செய்த வேலை இது: ஒரு பக்கம் பல பிஎல்சி-களின் மொழியில் கேட்டு, மறுபக்கம் கம்ப்யூட்டருக்கு ஒரே மொழியில் சொல்வது. 1996-இல் விண்டோஸை நம்பித் தொடங்கியது. இப்போது புழங்கும் ஓபிசி யுஏ எந்த இயங்குதளத்திலும் ஓடும். ஒற்றை மெஷினுக்கு இது தேவையில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கம்பி பாதை மட்டுமே. பாதை சரியாக இருந்தாலும் வேகம், வடிவம், ஸ்லேவ் எண் மூன்றும் பொருந்த வேண்டும். ஒரு கம்பியில் கேட்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

## முகவரி: எந்த டப்பாவில் உப்பு?

பதில் வந்துவிட்டது. ஆனால் சூடு வரவில்லை. ஏதோ ஒரு எண் வந்தது.

பிஎல்சி-யின் நினைவகம் சமையலறை அலமாரியில் வரிசையாக அடுக்கிய எவர்சில்வர் டப்பாக்கள் மாதிரி. ஒவ்வொரு டப்பாவும் ஒரு ரெஜிஸ்டர். ஒன்றில் 0 முதல் 65535 வரை ஒரு முழு எண் வைக்கலாம். மூடியில் பெயர் எழுதியிருக்காது. எதில் உப்பு, எதில் சர்க்கரை என்று அடுக்கிய ஆளுக்குத்தான் தெரியும். இங்கே அடுக்கியவர் புரோகிராம் எழுதியவர். அவரிடமிருந்து முகவரிப் பட்டியலை வாங்காமல் லாகிங்கில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது. மெஷின் வாங்கும்போதே இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.

பட்டியல் கையில் இருந்தாலும் எண்ணும் முறையில் ஒரு குழப்பம் உண்டு. "முதல் மாடி" என்றால் சிலருக்குத் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது; சிலர் தரைத்தளத்திலிருந்தே எண்ணுவார்கள். மோட்பஸ் ஆவணங்களில் 40001 என்று எழுதப்படும் ரெஜிஸ்டர், கம்பியில் போகும்போது 0. ஆக, ஒன்று தள்ளிப் படித்துவிடுவது மிகச் சாதாரணம். டெல்டாவில் இன்னொரு தாவலும் சேரும்: டி0 என்ற ரெஜிஸ்டரின் மோட்பஸ் முகவரி 4096. சூடு டி100-இல் இருந்தால் 4196-ஐக் கேட்க வேண்டும்.

அதைக் கேட்டதும் 605 என்று வந்தது. "அறுநூத்தி அஞ்சு டிகிரியா?" என்று ஃபிட்டர் பதறினார். ரெஜிஸ்டரில் புள்ளி வைக்க இடமில்லை, அதனால் 60.5-ஐப் பத்தால் பெருக்கி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்களிலும் இதேபோல் ஒரு விளையாட்டு உண்டு. மைனஸ் 5 என்பதைக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் 65531 என்று தெரியும். குளிர்சாதன அறையில் அறுபத்தைந்தாயிரம் என்று காட்டினால் சென்சாரைக் கழற்றாதீர்கள்.

65535-க்கு மேலான எண் இரண்டு டப்பாவில் பிரிந்து உட்காரும். 70,000 என்பது ஒன்றில் 1, மற்றதில் 4464. இந்த 1 என்பது ஒரு 65536-ஐக் குறிக்கிறது. எது முன்னால், எது பின்னால் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை இல்லை. வரிசை மாறினால் 70,000 என்பது 29,25,52,705 ஆகிவிடும். உற்பத்திக் கணக்கில் திடீரென்று கோடிகள் தெரிந்தால் முதலாளி சந்தோஷப்படுவதற்குள் இதைச் சரிசெய்துவிடுங்கள்.

## எத்தனை தடவை கேட்பது?

வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இ.பி. கணக்கெடுப்பவர் வந்து மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். எந்த நாளில் ஏசி அதிகம் ஓடியது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு யூனிட்டும் தப்பவில்லை, ஏனென்றால் மீட்டர் எண்ணிக்கொண்டே இருக்கிறது.

லாகிங்கில் இதற்குப் போலிங் என்று பெயர்: குறித்த இடைவெளியில் போய்க் கேட்பது. ஒரு நொடிக்கு ஒரு முறை கேட்டால், இரண்டு கேள்விக்கு நடுவே அரை நொடி எரிந்து அணைந்த சிக்னல் லாகில் இருக்கவே இருக்காது. "லாக்ல இல்லையே, அப்ப நடக்கல" என்று வாதாடுபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். லாகில் இல்லை என்றால் கேட்ட நேரத்தில் இல்லை என்று மட்டும்தான் பொருள்.

இதற்குத் தீர்வு வேகமாகக் கேட்பதல்ல. 9600 வேகத்தில், ஆர்டியு வடிவில் பத்து ரெஜிஸ்டரைக் கேட்டுப் பதில் வாங்கவே 30, 40 மில்லி நொடி கம்பியிலேயே போய்விடும். ஆஸ்கியில் ஏறத்தாழ இரட்டிப்பு. பிஎல்சி யோசிக்கும் நேரம் தனி. ஒரே கம்பியில் இருபது மெஷின் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு நொடியைத் தாண்டும். அதில் ஒரு மெஷின் அணைந்திருந்தால் மாஸ்டர் அதன் பதிலுக்காகக் காத்துக்கிடக்கும். காத்திருக்கும் அளவான டைம்அவுட்டை ஒரு நொடி என்று வைத்திருந்தால் எல்லா மெஷினின் லாகும் அந்த ஒரு நொடியால் தாமதமாகும். "லாகிங் திடீர்னு மெதுவாயிடுச்சு" என்ற புகாருக்குப் பாதி நேரம் விடை இதுதான்.

சரியான வழி மீட்டரிடம் இருக்கிறது. துள்ளலாக வரும் சிக்னலை பிஎல்சி-க்குள்ளேயே எண்ணவோ பிடித்து வைக்கவோ சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் நிதானமாக வந்து அந்த எண்ணிக்கையைப் படிக்கட்டும். சூடு மாதிரி மெதுவாக மாறும் அளவுக்கு 5 நொடிக்கு ஒரு முறை தாராளம்.

## பழுது தேடும்போது

கம்ப்யூட்டரை மாட்டினால் எது கெட்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது சொல்வது வேறு: பிஎல்சி எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்பதை.

மோட்டார் ஓடவில்லை. மென்பொருளில் ஆன்லைன் மானிட்டர் திறந்தால் ஏணிபோல் வரைந்த லேடர் புரோகிராமில் எந்தக் காண்டாக்ட் மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று நிறத்தில் தெரியும். மெஷின் மூடியின் லாக் சுவிட்சில் தடைபட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியோ சாத்தித்தான் இருக்கிறது. ஆக பிஎல்சி-க்குத் தகவல் வரவில்லை. சுவிட்ச், வயர், டெர்மினல் இவற்றில் தேட வேண்டும். மாறாக அவுட்புட் விளக்கு எரிகிறது, மோட்டாருக்கு மின்சாரம் விடும் காண்டாக்டர் இழுக்கவில்லை என்றால் பிஎல்சி தன் வேலையை முடித்துவிட்டது. பழுது அதற்கு அப்பால். பல நேரம் இதற்கு லேப்டாப்கூட வேண்டாம், முகப்பில் இருக்கும் சின்ன விளக்குகளே போதும்.

மெஷின் தானாக நின்றுவிடும் ஒரு டிரிப்பில் பத்து அலாரம் ஒரே நேரத்தில் வந்து விழும். எது முதலில் வந்தது என்பதுதான் கேள்வி. நொடிக்கொரு முறை கேட்கும் லாகில் பத்தும் ஒரே நேர முத்திரையோடு இருக்கும், பயனில்லை. முதலில் வந்ததை மட்டும் பூட்டி வைக்கும்படி பிஎல்சி-யிலேயே இரண்டு வரி எழுதிவிட்டால் விடை உடனே கிடைக்கும்.

மானிட்டர் திரையிலேயே ஃபோர்ஸ் என்று ஒரு வசதி இருக்கும். சென்சார் என்ன சொன்னாலும் "ஆன்" என்று எடுத்துக்கொள் என பிஎல்சி-யை வற்புறுத்துவது. மெஷினுக்குள் ஆள் கை வைத்திருக்கும்போது இதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பழகும் காலத்தில் அந்தப் பட்டன் பக்கமே போகாதீர்கள்.

## திறந்த வீடு

மோட்பஸுக்குக் கடவுச்சொல் கிடையாது. யார் கேட்டாலும் பதில் சொல்லும், யார் எழுதச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும். ஈதர்நெட்டில் அது 502 என்ற போர்ட்டில் இருக்கிறது. அந்த போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீய மென்பொருள் இணையம்கூட இல்லாத இடத்துக்குள் போனது. சீமென்ஸ் மென்பொருள் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பிடித்து, அவை வழியாக பிஎல்சி-க்குள் இறங்கி, ஈரானின் நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ்களைக் கெடுத்தது. ஊர் ஊராகச் சுற்றும் பென்டிரைவை மெயின்டெனன்ஸ் லேப்டாப்பில் செருகும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம். லாகிங் மென்பொருளில் படிக்கும் கட்டளைகளை மட்டும் வையுங்கள். மோட்பஸில் அவை 1 முதல் 4 வரை.

## அந்த இரண்டு இராத்திரி

ஃபிட்டர் 5 நொடிக்கு ஒரு முறை மூன்று எண்களைப் பதிந்தார்: சூடு, பிஎல்சி கேட்ட சூடு, ஸ்டீம் வால்வுக்குப் போன உத்தரவு. சூட்டை மட்டும் பதிந்திருந்தால் சரிந்தது தெரியும், ஏன் என்று தெரியாது.

இரண்டாம் நாள் இராத்திரி 2 மணியைத் தாண்டி சூடு 60-இலிருந்து 54-க்கு இறங்கியிருந்தது. அதே நேரத்தில் வால்வுக்கு முழுத் திறப்பு உத்தரவு போயிருக்கிறது, இருபது நிமிடம் விடாமல். பிஎல்சி தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. வால்வு திறக்கவில்லையா, திறந்தும் ஸ்டீம் வரவில்லையா? வால்வைக் கழற்றிப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. மிச்சம் பாய்லர். ஸ்டீம் லைனில் பிரஷர் சென்சார் கிடையாது, ஆகவே லாகில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. அடுத்த வாரம் ஒன்றை வாங்கி மாட்டி, டி104-இல் வைத்திருப்பதாகச் சொன்னார். பட்டியலில் அதையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்டேன். "பேனல் கதவுக்கு உள்பக்கமே ஒட்டியாச்சுங்க" என்றார்.